போர் காட் ஒப்பந்தம்: விலகியவரும் விலக முடியாதவரும்

கட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் வேலையின் அளவு, விலை, கெடு ஆகிய மூன்றும் உறுதியானவையாகத் தோன்றும். தோண்டத் தொடங்கிய பின் மூன்றும் மாறும். அம்மாற்றத்தின் சுமை யார்மீது இறங்குகிறது என்பதற்குப் போர் காட் இருப்புப்பாதை ஒரு சான்று.

பம்பாயிலிருந்து புனே செல்லும் பாதை மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும் கணவாய் இது. ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் 1,831 அடி ஏறுவதற்கு 25 சுரங்கங்கள் தேவைப்பட்டன. 1855இல் கிரேட் இந்தியன் பெனின்சுலா இரயில்வே நிறுவனம் இப்பணியை வில்லியம் ஃபேவியலிடம் ஒப்படைத்தது. பம்பாய்–தானே பாதையை அமைத்ததில் பங்குகொண்டவர் அவர். ஆயினும் கடும்பாறையைக் கையுளியாலும் வெடிமருந்தாலும் உடைக்க வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் பருவமழை வேலையை முடக்கியது. காலரா ஆட்களைக் கொன்றது. பணி பின்தங்கியது.

ஒப்பந்தக்காரருக்கும் தொழிலாளிக்கும் இடையே துணை ஒப்பந்தக்காரர், மேஸ்திரி எனப் பல படிகள் இருந்தன. மேலே தோன்றிய நெருக்கடி அப்படிகள் வழியே கூலியில் வந்து முடிந்தது. பேசிய கூலி முழுமையாகவும் உரிய நாளிலும் கிடைக்காத நிலையில், 1859 ஜனவரியில் கலவரம் மூண்டது. மார்ச்சில் ஃபேவியல் ஒப்பந்தத்தைத் திருப்பி ஒப்படைத்தார். அடுத்துப் பொறுப்பேற்ற சாலமன் டிரெட்வெல் இந்தியா வந்த சில வாரங்களிலேயே நோயால் இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து ஏற்று, ஆடம்சன், கிளௌசர் என்னும் பொறியாளர்களின் துணையுடன் பணியை நடத்தினார். 1863இல் பாதை திறக்கப்பட்டது.

இம்மாற்றங்கள் அனைவரையும் ஒன்றுபோல் தாக்கவில்லை. 1849 உடன்படிக்கையின்படி நிறுவனத்தின் முதலீட்டுக்கு 5 விழுக்காடு வட்டி உறுதியளிக்கப்பட்டிருந்தது; வருவாய் குறைந்தால் இந்திய வரிப்பணம் ஈடுசெய்யும். ஒப்பந்தக்காரருக்கு விலகும் வழி இருந்தது. தொழிலாளிக்குக் கிடைத்தது 1860ஆம் ஆண்டின் 9ஆம் சட்டம். இருப்புப்பாதை, கால்வாய் முதலிய பொதுப்பணிகளில் எழும் கூலித் தகராறுகளைக் குற்றவியல் நடுவர்கள் விரைந்து தீர்க்க அது வழிசெய்தது. ஒப்புக்கொண்ட வேலையை இடையில் கைவிடும் தொழிலாளியைச் சிறையிலடைக்கவும் அதே சட்டம் இடமளித்தது. 1932இல்தான் அது நீக்கப்பட்டது.

ஃபேவியல் பணியை விட்டது ஒப்பந்த விவகாரம். அடுத்த ஆண்டு முதல், அதே மலையில் கூலியாள் பணியை விட்டால் அது குற்றம். விலையேற்றத்துக்கும் கால நீட்டிப்புக்கும் இன்றைய ஒப்பந்தங்களில் தனி விதிகள் உள்ளன. அவற்றைப் படிப்போர், அந்த விதிகளின் பயன் எந்தப் படி வரை இறங்குகிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.