கொலம்பஸ் நின்ற தங்கக் காசு

நாம் பவுன் என்று சொல்வது பிரிட்டிஷ் சாவரின் காசின் கணக்கைத்தான். 22 காரட், ஏறக்குறைய 8 கிராம். அந்தக் கணக்கில் சரியாக ஐந்து பவுன் எடையுள்ள 100 டாலர் தங்கக் காசு ஒன்றை 1967-ல் பஹாமாஸ் தீவுகள் வெளியிட்டன. கூடவே 50, 20, 10 டாலர் காசுகளும் வந்தன. புதிய அரசியல் சாசனத்தின் நினைவாக வந்த காசுகள் இவை.

அப்போது பஹாமாஸ் பிரிட்டிஷ் காலனி. 1964-ல் உள்நாட்டு சுயாட்சி கிடைத்திருந்தது. 1966 மே மாதம் பவுண்டு, ஷில்லிங் போய் டாலர் வந்தது. ஒரு டாலருக்கு 7 ஷில்லிங். 21 ஷில்லிங் கொண்ட பழைய கினிக்குச் சமமாக மூன்று டாலர் நோட்டு கூட அச்சிட்டார்கள்!

1967 ஜனவரி தேர்தலில் இரு பெரிய கட்சிகளுக்கும் தலா 18 இடங்கள். மீதி இருவரின் ஆதரவோடு லிண்டன் பிண்ட்லிங் முதல் கறுப்பினப் பிரதமரானார். பெரும்பான்மை மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர். அவர்கள் கைக்கு ஆட்சி வந்தது அப்போதுதான்.

காசின் ஒரு பக்கம் எலிசபெத் ராணி. 100 டாலர் காசின் மறுபக்கம் கொலம்பஸ்.

கொலம்பஸ் 1492 அக்டோபர் 12-ல் கரையிறங்கியது இந்தத் தீவுக்கூட்டத்தில்தான். அங்கிருந்த லுக்காயர் மக்களில் சிலர் மூக்கில் சிறு தங்கத்துண்டு அணிந்திருந்ததைப் பார்த்து, தங்கம் எங்கே கிடைக்கும் என்று சைகையால் கேட்டதை அவரே எழுதி வைத்திருக்கிறார். பின்னால் வந்த ஸ்பானியர்கள் அம்மக்களைப் பிடித்து ஹிஸ்பானியோலா தீவின் தங்கச் சுரங்கங்களுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு தலைமுறைக்குள் தீவுகள் காலியாகிவிட்டன.

அன்று தங்கத்தின் விலை அவுன்சுக்கு 35 அமெரிக்க டாலர். அதன்படி அந்தக் காசில் இருந்த தங்கத்தின் மதிப்பு 41 டாலர் சொச்சம்தான். அது சந்தையில் புழங்கவும் இல்லை, சேகரிப்போருக்காக வந்தது.

1973 ஜூலை 10-ல் பஹாமாஸ் சுதந்திரம் பெற்றது. ஆனாலும் அக்டோபர் 12 'கண்டுபிடிப்பு தினம்' என்றே விடுமுறையாக நீடித்தது. 2013-ல்தான் அது 'தேசிய வீரர்கள் தினம்' ஆயிற்று. கொடி மாறி நாற்பது ஆண்டுகள் கழித்து!

அந்தக் காசை இன்று கையில் எடுப்பவர்கள், மூக்கில் தங்கத்துண்டு அணிந்திருந்த அந்த மக்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டால் நல்லது.