உபதேசம் செய்யாதவர்கள்

1961ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வரையில், இங்கிலாந்தில் தன்னுயிரைப் போக்கிக்கொள்ள முயன்று பிழைத்துவிட்ட ஒருவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழிக்கும்போது, தாயின் முகத்தையோ மனைவியின் முகத்தையோ காண்பதற்கு முன்பு, தலைமாட்டில் காவலிருக்கும் போலீஸ்காரரின் முகத்தைக் காண நேர்வது அபூர்வமன்று. ஏனெனில் அத்தேசத்துச் சட்டப்படி அம்முயற்சி ஒரு குற்றம். போலீஸ்காரர் எழுந்து போனால் பாதிரியார் வந்து பாவத்தைப் பற்றிப் பேசுவார். அவருக்குப் பின் வைத்தியர் வந்து நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து எழுதுவார். சட்டம், சமயம், வைத்தியம் ஆகிய மூன்றும் தத்தம் கடமையை நிறைவேற்றிவிட்டு விலகிய பிறகு, அக்கட்டிலின் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தான் ஒன்றும் சொல்லாமல் அவன் சொல்வதைக் கேட்பதற்கென்றே ஒரு நாலாவது மனிதர் வந்து உட்கார வேண்டும் என்ற எண்ணம் மனித சரித்திரத்தில் மிகவும் பிந்தித் தோன்றியது. பட்டமும் பதவியும் இல்லாத அந்த நாலாவது மனிதரைப் பற்றியும், அவரைப் பழக்கி எடுத்தவர்களைப் பற்றியும்தான் இக்கட்டுரை.

முன்னோடிகள் இல்லாமற் போகவில்லை. 1906இல் நியூயார்க் நகரத்தில் ஹாரி வாரன் என்ற பாப்டிஸ்ட் பாதிரியார், உயிரை வெறுத்தவர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். மறு வருஷமே லண்டனில் இரட்சணிய சேனையார் அதே நோக்கத்துடன் ஒரு காரியாலயம் திறந்தார்கள். வியன்னாவில் விக்டர் பிராங்கல் என்ற இளைஞர், தாம் வைத்திய பரீட்சை தேறுவதற்கு முன்பே, 1928 முதல் வாலிபர்களுக்கான ஆலோசனை நிலையங்களை ஏற்படுத்தி, பள்ளிக்கூடங்களில் மதிப்பெண் பத்திரம் கொடுக்கும் பருவத்தில் விசேஷ கவனம் செலுத்தலானார். மே, ஜூன் மாதங்களில் நம் ஊர்ப் பத்திரிகைகளைப் படிக்கிற எவருக்கும் அப்பருவத்தைத் தெரிந்தெடுத்ததன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் இம்முயற்சிகளில் பெரும்பாலும், கேட்க வந்தவர் ஒன்று மதகுருவாக இருந்தார், அல்லது மனோதத்துவம் பயின்றவராக இருந்தார். சாமானிய மனிதர் அந்த அறைக்குள் நுழைந்தது தற்செயலாகத்தான்.

அந்தத் தற்செயல் நிகழ்ந்த இடம், லண்டன் மாநகரின் வியாபாரக் கேந்திரத்தில், கிறிஸ்டபர் ரென் கட்டிய செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் என்னும் தேவாலயம். 1953இல் அதன் குருவாக வந்தவர் சாட் வாரா. பதினெட்டு வருஷங்களுக்கு முன், லிங்கன் நகரில் இளம் குருவாக இருந்தபோது, அவர் நடத்திவைத்த முதல் சவ அடக்கம் ஒரு சிறுமியினுடையது. பருவமெய்தியதன் அடையாளத்தை ஏதோ இழிந்த நோய் என்று எண்ணிப் பயந்து, கேட்பதற்கு ஒருவரும் இல்லாமல் உயிரை விட்ட பெண் அவள். அவளுக்குத் தேவைப்பட்டது மருந்துமன்று, மந்திரமுமன்று. வெட்கப்படாமல் பேசக்கூடிய ஒரு மனிதர். இந்த நினைவு அவரை விட்டு அகலவில்லை. சிறுவர்களுக்கான சித்திரக்கதைப் பத்திரிகைக்கு எழுதி வருமானம் தேடிக்கொண்டிருந்த அந்தப் பாதிரியாருக்கு, குடியிருப்போர் அதிகமில்லாத அந்த வியாபாரப் பேட்டைத் தேவாலயம் கிடைத்தபோது, அவகாசமும் கிடைத்தது, ஒரு தொலைபேசியும் கிடைத்தது. எளிதில் மனத்தில் நிற்கும்படி 9000 என்று முடிகிற எண் ஒன்று வேண்டுமென்று விரும்பி, யுத்தத்துக் குண்டுவீச்சில் சேதமுற்றிருந்த அக்கட்டடத்தின் தொலைபேசியில் படிந்திருந்த தூசியைத் துடைத்துப் பார்த்தபோது, அதில் ஏற்கெனவே மான்ஷன் ஹவுஸ் 9000 என்றே எழுதியிருந்தது என்பது அவரே சொல்லி வந்த கதை. நல்ல கதை சொல்லத் தெரிந்தவர் அவர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. அவ்வாண்டு நவம்பர் 2ஆம் தேதி முதல் அழைப்பு வந்தது.

பத்திரிகைகள் இச்செய்தியை வெளியிட்டதும் இரு வகை மனிதர்கள் அங்கே வரத் தொடங்கினார்கள்: துன்பத்தில் இருப்பவர்கள் ஒரு சாரார், உதவி செய்ய விரும்பியவர்கள் மற்றொரு சாரார். பின்னவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று வாராவுக்குத் தெரியவில்லை. அவரைப் பார்ப்பதற்காக வரிசையில் காத்திருப்போருக்குத் தேநீர் கொடுத்து, முறை வரும் வரையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் சொன்னார். சில வாரங்களுக்குள் அவர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். காத்திருந்தவர்களில் பலர், தேநீர் கொடுத்தவரிடமே தம் மனத்தைக் கொட்டிவிட்டு, உள்ளே இருந்த குருவைப் பார்க்காமலே எழுந்து போனார்கள். பார்க்க வந்தவர்களும் முன்னைவிட அமைதியோடு வந்தார்கள். தம்முடைய படிப்பையும் அனுபவத்தையும் விட அந்தக் கோப்பைத் தேநீர் அதிக வேலை செய்கிறது என்பதை ஒரு குரு ஒப்புக்கொள்வது இலேசான காரியமன்று. வாரா ஒப்புக்கொண்டார். 1954ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், அத்தொண்டர்களைக் கூட்டிவைத்து, இனி இந்தத் தொலைபேசி உங்களுடையது என்று அதை அவர்களிடம் ஒப்படைத்தார். சமாரித்தர்கள் என்று உலகம் அறிந்த ஸ்தாபனத்தின் உண்மையான ஜன்ம தினம் நவம்பரில் அன்று, இந்தப் பிப்ரவரியில்தான் என்பது என் அபிப்பிராயம்.

தேநீர் கொடுத்தவர்கள் எல்லோரும் கேட்கத் தெரிந்தவர்களல்லர். தொண்டு செய்ய ஆவலோடு வந்தவர்களில் தம் மதத்தைப் பரப்ப வந்தவர்கள் உண்டு. பிறர் வாழ்க்கையைத் திருத்தியமைக்க வந்தவர்கள் உண்டு. தம் சொந்தத் துக்கத்துக்கு மருந்து தேடி வந்தவர்களும் உண்டு. அவர்களைச் சலித்தெடுப்பதும், எஞ்சியவர்களைப் பழக்குவதும் ஒரு கலையாக வளர்ந்தது. இன்று இத்தகைய தொண்டர்களுக்கு நடக்கிற பயிற்சிகள் பலவற்றுக்கு மூலம் இங்கேதான் இருக்கிறது. அக்கலையின் விசேஷம் யாதெனில், அது புதிதாக ஒன்றைக் கற்பிப்பதைக் காட்டிலும், நாம் பிறந்தது முதல் கற்றுவைத்திருப்பதைக் கைவிடச் செய்வதில்தான் அதிக சிரமம் எடுத்துக்கொள்கிறது. அழுகிறவரைக் கண்டால் அழாதே என்கிறோம். ஊரில் இல்லாத கஷ்டமா உனக்கு என்கிறோம். பிள்ளைகள் முகத்தைப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொள் என்கிறோம். கோயிலுக்கு ஒரு நடை போய் வரச் சொல்கிறோம். இவையாவும் அன்பினால் சொல்லப்படுபவை என்பதில் ஐயமில்லை. ஆனால் கேட்கிறவனுடைய செவியில் ஒவ்வொன்றும், உன் துக்கத்தைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை என்றே ஒலிக்கிறது. ஆகவே பயிற்சி வகுப்பில், அனுபவம் வாய்ந்த தொண்டர் ஒருவர் துயருற்றவராக நடிக்க, புதியவர் எதிரே உட்கார்ந்து பேச வேண்டும். அவர் எந்த இடத்தில் குறுக்கிட்டார், எந்த இடத்தில் மௌனத்தைத் தாங்க மாட்டாமல் ஆறுதல் வார்த்தையை எடுத்து வீசினார் என்று பிறகு ஆராய்வார்கள்.

கைவிடச் செய்வது அவ்வளவென்றால், கற்பிப்பதில் தலையாயது ஒரு கேள்வி. நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதி என்றும், எங்கேயாவது கண்காணாத இடத்துக்குப் போய்விடலாம் போலிருக்கிறது என்றும் ஒருவர் சொல்லும்போது, நாம் பேச்சை மாற்றுவதுதான் வழக்கம். பயிற்சி பெற்றவரோ, உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா என்று நேராகவே கேட்பார். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டது போலாகுமே என்ற அச்சம் எல்லாத் தேசங்களிலும் இருந்தது. ஆராய்ச்சிகள் அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று காட்டின. பெரும்பாலும் அக்கேள்விக்கு மறுமொழியாக வருவது ஒரு நீண்ட பெருமூச்சுதான். 1983இல் கனடாவின் கால்கரி நகரில் சமூகப்பணிப் பேராசிரியர் ரிச்சர்ட் ராம்சேயும் மனநல மருத்துவர் பிரையன் டேனி முதலிய தோழர்களும், இந்தக் கேள்வியை மையமாக வைத்து, பள்ளி ஆசிரியர், போலீஸ்காரர், செவிலியர் முதலிய யாவருக்கும் இரண்டே நாளில் கற்பிக்கத்தக்க பாடமுறை ஒன்றை வகுத்தார்கள். அது பல தேசங்களுக்குப் பரவிற்று. தீயணைக்கும் படையை அழைக்க ஊரார் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டியதைப் போல, இதுவும் ஊரார் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய வித்தை என்பது அவர்கள் கட்சி.

இதற்கு முன்பே சரித்திரம் தொண்டர்களுக்கு வேறொரு பாடம் புகட்டியிருந்தது. 1960களில் இங்கிலாந்தில் தற்கொலைகள் குறையலாயின. சமாரித்தர் கிளைகள் உள்ள ஊர்களில் குறைவு அதிகம் என்று 1968இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தபோது, தொண்டர்கள் பெருமிதம் கொண்டதில் வியப்பில்லை. ஆனால் 1970களில் வேறு ஆராய்ச்சியாளர்கள் அதே கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தார்கள். கிளைகளுக்கும் குறைவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. அக்காலத்தில் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த நச்சுத்தன்மை மிகுந்த நிலக்கரி வாயு படிப்படியாக நீங்கி, தீங்கு குறைந்த வாயு வந்ததே பெருங்காரணம் என்று தெரிந்தது. தொண்டின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. நிராசையின் உச்சம் பெரும்பாலோரிடம் சில மணி நேரமே நிற்கிறது என்பதும், அந்தச் சில மணி நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்பதே வாழ்வையும் சாவையும் நிர்ணயிக்கிறது என்பதும் துணையிருப்பவர்களுக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கிற்று. காதைக் கொடுத்தால் மட்டும் போதாது, ஆபத்தான பொருளை அப்புறப்படுத்தவும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது பயிற்சியில் ஓர் அத்தியாயமாகச் சேர்ந்தது.

இலங்கையைப் போல இதற்குச் சான்று பகரும் நாடு வேறில்லை. 1974இல் ஜோன் டி மெல் என்ற அம்மையார் கொழும்பில் சுமித்ரயோ என்னும் துணையிருப்பு இயக்கத்தைத் தொடங்கினார். பின்னர் அதன் தொண்டர்கள் கிராமங்களுக்கும் சென்றார்கள். ஆயினும் 1995இல் லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 தற்கொலைகள் என்ற கொடிய அளவை அத்தீவு எட்டியது. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டு மூலையில் இருந்ததே அதன் காரணங்களில் முதன்மையானது. 1984 முதல் படிப்படியாக அதிக நச்சுள்ள மருந்துகளை அரசாங்கம் தடை செய்ய, 1995க்குப் பிறகு பத்தாண்டுகளில் அந்த அளவு பாதியாயிற்று. பிற்பாடு அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களைத் தெரிந்தெடுத்து, அவற்றில் பாதியில் வீடுதோறும் பூட்டுப்பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளிவந்த முடிவின்படி அதனால் பலனில்லை. வீட்டுக்குள் இருக்கும் பெட்டியின் சாவியும் வீட்டுக்குள்தானே இருக்கும்!

சென்னைக்கு வருவோம். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் இங்கே சிநேகா என்ற தொண்டு நிலையத்தை நிறுவியபோது, இங்கிலாந்து 25 வருஷங்களுக்கு முன்பே கைவிட்ட சட்டம் இந்தியாவில் அப்படியே இருந்தது. 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு, முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. தண்டிக்கப்பட்டவர்களைக் காட்டிலும் அச்சட்டத்தினால் வாயடைத்துப் போனவர்கள்தாம் அதிகம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சி, தவறிப்போய்க் குடித்துவிட்டாள் என்றும் வயிற்றுவலி தாங்கவில்லை என்றும் சொல்லியே குடும்பங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றன. அப்படிப்பட்ட தேசத்தில், பெயரைக் கேட்க மாட்டோம், யாரிடமும் சொல்ல மாட்டோம் என்று ஒரு தொலைபேசி அறிவித்தது பெரிய காரியம். 2017ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம் அப்பிரிவின் பல்லைப் பிடுங்கிற்று. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அப்பிரிவே இல்லை. பரீட்சை தவறிய மாணவர்கள் ஒரு வருஷம் காத்திராமல் சில வாரங்களிலேயே மறுபடியும் எழுத வழி வேண்டும் என்று வாதாடியவர்களிலும் அவ்வம்மையார் ஒருவர். வியன்னாவில் பிராங்கல் கண்ட பருவத்துக்குத் தமிழ்நாடு கண்ட பரிகாரங்களில் உடனடித் தேர்வைவிடச் சிறந்தது எனக்குத் தெரிந்து வேறில்லை.

கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் சிநேகா செய்த பரீட்சை தனித்துச் சொல்லத்தக்கது. வங்கிகளில் உள்ளவை போன்ற பூட்டுப் பெட்டகங்கள் கொண்ட பொதுக் கட்டடம் ஒன்றில், விவசாயிகள் தத்தம் பூச்சிமருந்தை வைத்துவிட்டு, வேண்டும்போது எடுத்துச் செல்ல ஏற்பாடாயிற்று. கட்டடம் எங்கே இருக்க வேண்டும், யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதில் ஊராரையே கலந்துகொண்டார்கள். அனுராதபுரத்துப் பெட்டிக்கும் இதற்கும் உள்ள பேதம் பூட்டில் இல்லை. நடுவே நடந்து கடக்க வேண்டிய தூரத்திலும், வழியில் எதிர்ப்படக்கூடிய மனிதரிலும் இருக்கிறது.

பிழைத்து வந்தவர்களை மறுபடியும் போய்ப் பார்ப்பதன் பலனையும் சென்னை அறிந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நகரங்களில் 1,867 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2008இல் வெளிவந்தது. ஒரு மணி நேரம் விளக்கமாகப் பேசி, பிறகு 18 மாதங்களில் ஒன்பது தடவை தொடர்புகொண்டு நலம் விசாரிக்கப்பட்டவர்களில் பின்னர் தற்கொலையால் இறந்தோர் நூற்றுக்கு 0.2, வழக்கமான சிகிச்சையோடு அனுப்பப்பட்டவர்களில் 2.2. ஒன்பது விசாரிப்புகளுக்கு ஆகும் செலவு ஓர் இரவு தீவிர சிகிச்சைக்கு ஆகும் செலவைவிட அதிகமாக இராது என்றே நினைக்கிறேன்.

2022 அக்டோபரில் மத்திய அரசு 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்னும் மனநல உதவிச் சேவையைத் தொடங்கியது. அடுத்த மாதமே தேசத்துக்கென ஒரு தற்கொலைத் தடுப்புக் கொள்கையும் வெளிவந்தது. ஊதியம் பெறும் ஆலோசகர்கள் இரவு பகலாக இருக்கையில், கூலியில்லாத சாமானியத் தொண்டர் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அவர்கள் தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். அங்கே விஜயகுமாரும் அவர் குழுவினரும் பயிற்சி கொடுத்தது முகாம்வாசிகளுக்கே. பழக்கப்பட்ட அத்தொண்டர்கள் அபாயத்தில் இருப்பவர்களைத் தவறாமல் சென்று பார்த்தார்கள். மனம் உடையும் அறிகுறி என்ன, அப்போது என்ன செய்யலாம், யாரைக் கூப்பிடலாம் என்பவற்றை அவரவர் வாய்மொழியாகவே கேட்டு, அவரவர் கையில் இருக்கும்படி ஓர் அட்டையில் எழுதிக்கொடுத்தார்கள். முகாமில் இம்முறை பலனளித்ததாக 2017இல் வெளியான அறிக்கை கூறுகிறது. கடல் கடந்து வந்த துக்கத்தை அங்கே யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேட்கிறவரும் அதே படகுகளில் வந்தவர்தாம், அல்லது அப்படி வந்தவரின் பிள்ளை.