புழுவிலிருந்து சிறுநீரகம் வரை: நுண் ஆர்.என்.ஏ. வரலாறு

சிற்றுயிர்களை ஆராய்ந்தோர் மனித நோய்களின் மறைபொருளை வெளிப்படுத்திய நிகழ்ச்சிகள் மருத்துவ வரலாற்றிலே பலவாகும். சிறுநீரகப் புற்றுநோய் ஆய்வில் நுண் ஆர்.என்.ஏ. பெற்றுள்ள இடம் அவற்றுள் ஒன்று.

1993 ஆம் ஆண்டிலே இரு செய்திகள் தனித்தனியே வெளியாயின. ஒரு மில்லிமீற்றர் நீளமான வட்டப்புழுவை ஆராய்ந்த விக்டர் அம்புறோசும் கரி றவ்குனும், ஏறத்தாழ 22 அலகுகளே கொண்ட ஆர்.என்.ஏ. இழையொன்று, தான் புரதத்தை ஆக்காது, பிறிதொரு பரம்பரையலகின் புரத ஆக்கத்தைத் தடுப்பதைக் காட்டினர். அவ்வாண்டிலேயே, பரம்பரையாகச் சிறுநீரகக் கட்டிகளைத் தோற்றுவிக்கும் நோயொன்றுக்குக் காரணமான வி.எச்.எல். பரம்பரையலகும் இனங்காணப்பட்டது. இவ்விரண்டுக்குமிடையே அன்று எவ்விதத் தொடர்பும் காணப்படவில்லை.

2000 ஆம் ஆண்டிலே, லெற்-7 எனும் மற்றோர் இழை மனிதன் உட்படப் பல விலங்குகளிலும் மாறாதிருப்பதை றவ்குன் குழுவினர் கண்டனர். புழுவுக்கே உரிய விந்தையெனக் கருதப்பட்டது உயிரினத்தின் பொதுவிதியாயிற்று. 2002 இல், குருதிப் புற்றுநோய் வகையொன்றில் இத்தகைய இரு இழைகள் அழிந்தோ குன்றியோ இருத்தலைக் கார்லோ குறோச்சே குழுவினர் காட்டினர். அதன்பின் புற்றுநோய் ஆய்வாளரின் கவனம் இவற்றின்பாற் சென்றது.

சிறுநீரகப் புற்றுநோயுள் மிகுதியாகக் காணப்படும் தெளிகல வகையிலே பெரும்பாலும் வி.எச்.எல். செயலிழக்கின்றது. அதனால், ஒட்சிசன் குறைவின்போது தொழிற்படவேண்டிய எச்.ஐ.எப். புரதங்கள் சிதையாது தேங்குகின்றன. ஒட்சிசன் போதியளவு இருந்தும், அஃது அற்றது போலக் கலம் நடந்து, புதிய குருதிக்கலன்களைத் தூண்டுகின்றது. அப்புரதங்களே மிர்-210 எனும் நுண் ஆர்.என்.ஏ.யையும் பெருக்குகின்றன. 1993 இன் இரு செய்திகளும் இங்ஙனமே ஒன்றுசேர்ந்தன. மிர்-21 மிகும்போது வளர்ச்சிக்குத் தடையான புரதங்கள் அடங்குகின்றன; மிர்-200 குடும்பம் குன்றும்போது கலங்கள் தம் பிணைப்பைத் தளர்த்திப் பரவும் இயல்பு பெறுகின்றன.

நோயின் முடிவை இவற்றால் முன்னறிய இயலுமா? 2013 இல் வெளியான, 400 க்கு மேற்பட்ட கட்டிகள் பற்றிய பேராய்வு, மிர்-21 இன் ஒழுங்குமாற்றம் தீவிரமான நோயோடு தொடர்புற்றிருத்தலைக் காட்டியது. ஆயின், மிர்-210 மிகுதல் நற்குறியென ஓராய்வும் தீக்குறியெனப் பிறிதோராய்வும் கூறின. கட்டியில் மிகுந்து காணப்படுவது யாவும் தீமையின் அளவுகோல் ஆகாது என்பது இதனாற் புலனாகும்.

சிகிச்சை முயற்சியும் எச்சரிக்கையையே தந்தது. மிர்-34 இன் போலியுருவைப் பல்வகைப் புற்றுநோயாளருக்குச் செலுத்திய சோதனை, நோயெதிர்ப்புத் தொகுதியின் கடும் விளைவுகளால் நால்வர் இறந்தமையால் 2016 இல் நிறுத்தப்பட்டது.

2024 இல் அம்புறோசும் றவ்குனும் நோபல் பரிசு பெற்றனர். அப்பரிசு ஒரு விதியின் கண்டுபிடிப்புக்கு உரியது. அவ்விதியை நோயாளியின் நலனாக்கும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை.