பரணில் கிடந்த லேப்டாப்பும் காணாமப் போன பாஸ் லினக்ஸும்

சவுக்குக் கன்னுக்குத் தண்ணி கட்டுற வேலை ஓய்ஞ்ச ஒரு மத்தியானம், பரண்ல இருந்து மகளோட பழைய லேப்டாப்பை இறக்கினேன். 2012-ல் அவ பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசு லேப்டாப். பேட்டரி செத்துப்போச்சு, சார்ஜர்ல போட்டா ஓடுது. கீபோர்டு நல்லாவே இருக்கு. ஆனா பட்டா, சிட்டா பார்க்கிற பக்கத்தைத் திறந்தா பாதி வரும், பாதி வராது.

"அப்பா, அதைக் காயலான் கடையில போடுங்க, போன்லயே எல்லாம் பார்க்கலாம்"னு மக சொல்றா. போன்ல பார்க்கலாம்தான். எனக்கு வயசு அம்பத்தெட்டு. சர்வே நம்பரை விரலால இழுத்து இழுத்துப் பார்த்தா கண்ணு பூத்துப்போகுது. மெஷின் நல்லா இருக்கும்போது எதுக்குத் தூக்கிப் போடணும்? எஞ்சின் மோட்டார் பழசாச்சுன்னு கிணத்தை மூடுறவன் உண்டா?

அப்ப அதுல எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடுறது? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனதுலதான், 2012-லயே இதுக்கான பதில் அந்த லேப்டாப்புக்குள்ள இருந்ததும், நாங்களே அதை அழிச்சதும் தெரிஞ்சது. அந்தக் கதையைத்தான் எழுதுறேன்.

அரசு லேப்டாப் திட்டம் தொடங்கினது நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில்தான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அன்னைக்கு முதல்வரா இருந்த ஜெயலலிதா தொடங்கி வைச்சாங்க. அதுக்கப்புறம் வந்த வருஷங்கள்ல மொத்தம் 50 லட்சத்துக்கும் மேல லேப்டாப் கொடுத்திருக்காங்க. ஆரம்பத்தில் வந்த மெஷின்கள்ல 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். ஆன் பண்ணினா ரெண்டு பேர் காட்டும். ஒண்ணு விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், இன்னொண்ணு பாஸ் லினக்ஸ். எது வேணுமோ அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போகலாம். ஒரே வீட்டுக்கு ரெண்டு வாசல் மாதிரி.

இந்த ரெண்டாவது வாசல் சும்மா வந்து சேரலை. அதுக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு.

தொண்ணூறுகள்ல கம்ப்யூட்டர்ல தமிழ் அடிக்கிறது பெரிய பாடு. ஆளுக்கொரு எழுத்துரு. ஒருத்தர் அடிச்சதை இன்னொருத்தர் மெஷின்ல திறந்தா கோழி கிளறின மாதிரி இருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதுல இருந்து வந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை. உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைக்கு. விண்டோஸ் 2000, எக்ஸ்பி வந்த பிறகு யூனிகோடு தமிழ் சாத்தியமாச்சு. ஆனா எக்ஸ்பியில அது தானா வராது. ரீஜினல் செட்டிங்ஸ்ல போய் ஒரு கட்டத்தில் டிக் போடணும், சிடி கேட்கும். பிரவுசிங் சென்டர்காரர்கிட்ட சிடி இருக்காது. தமிழ் பூரா கட்டம் கட்டமா தெரியும். மீஞ்சூர்ல ஒரு சென்டர்ல உட்கார்ந்து அந்தக் கட்டங்களை வெறிச்சுப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கு. அந்தச் சமயத்தில் 'தமிழா' குழுவினர் இலவசமா ஒரு தட்டச்சு மென்பொருள் கொடுத்தாங்க. பேரு இ-கலப்பை. அதை எழுதினவங்க விவசாயிங்க இல்லை. ஆனாலும் அந்தப் பேருக்காகவே எனக்கு அது மேல ஒரு பாசம்.

லினக்ஸ் பக்கம் வேற மாதிரி ஓடிக்கிட்டிருந்தது. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினது அது. அதுக்கும் முன்னால 1983-லயே ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவிச்சிருந்தார். மென்பொருளோட மூலத்தை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம்ங்கிறது அதோட கொள்கை. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு ஒண்ணு ஐஐடியில மாசம் ஒருநாள் கூடும். காஞ்சிபுரத்திலும் ஒரு குழு இருந்தது. 2012-ல் தொடங்கின 'கணியம்' மின்னிதழ் இதையெல்லாம் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தது. அதுல நித்யா எழுதின 'எளிய தமிழில் ஜிஎன்யு/லினக்ஸ்' இன்னைக்கும் இலவசமா கிடைக்குது. எனக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். என் வேலை பாதி அந்தப் புத்தகத்தால நடந்தது.

இது அரசுக்குள்ள வந்தது 2006 வாக்கில். எல்காட் நிர்வாக இயக்குநரா உமாசங்கர் ஐ.ஏ.எஸ். வந்தார். எல்காட் அலுவலகத்தையே சூஸே லினக்ஸுக்கு மாத்தினார். பள்ளிக்கூடங்களுக்கு வாங்கின கம்ப்யூட்டர்லயும் லினக்ஸைக் கொண்டுபோனார். அந்த நேரத்துல சென்னை சி-டாக்கும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கிற ஏ.யு-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சேர்ந்து மத்திய அரசுக்காகத் திறமூல மென்பொருள் வேலை செய்துகிட்டிருந்தாங்க. அதுல விளைஞ்சதுதான் பாஸ். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்ங்கிறதோட சுருக்கம். முதல் வெளியீடு 2007 ஜனவரி. டெபியன்ங்கிற லினக்ஸை அடிப்படையா வைச்சு, தமிழ் உட்பட இந்திய மொழிகளைச் சேர்த்துச் செய்தது. எங்க ஊர்ல இருந்து ரயிலேறினா ரெண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ற இடத்தில் உருவான சரக்கு. இதுதான் அஞ்சு வருஷம் கழிச்சு என் மக லேப்டாப்புக்குள்ள வந்தது.

சரி, வந்ததை என்ன செய்தோம்?

விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்ல ஒரு குறை. வால்பேப்பர் மாத்த முடியாது. வீட்டு வாசல்ல கோலம் போடாதேன்னு சொன்ன மாதிரி. பதினேழு வயசுப் பிள்ளைங்க சும்மா இருக்குமா? என் மகளுக்கு அவளோட ஹீரோ படம் வைக்கணும். கடைக்காரத் தம்பி, "அண்ணா, முந்நூறு ரூபா கொடுங்க, அல்டிமேட் போட்டுத் தரேன்"னான். திருட்டுக் காப்பிதான், எங்களுக்கு என்ன தெரியும்? முழு டிஸ்க்கையும் ஃபார்மட் பண்ணி ஏத்தினான். வால்பேப்பர் வந்தது. பாஸ் போச்சு. ரெண்டாவது வாசலைச் செங்கல் வைச்சு அடைச்சாச்சு. மக கிளாஸ்ல இருந்த பிள்ளைங்க பல பேர் இதையேதான் செய்தாங்களாம்.

மத்தவங்களைக் குறை சொல்லவும் மனசு வரலை. ஒரு நாளும் பாஸுக்குள்ள போய்ப் பார்த்ததில்லை நாங்க. என்னத்துக்குன்னு யாரும் சொல்லிக்கொடுக்கலை. பிளஸ் டூ கணிப்பொறி அறிவியல் புத்தகத்தில் ஸ்டார் ஆஃபீஸ் பாடம் இருந்தது, வெளியே ஜெராக்ஸ் கடையில மைக்ரோசாஃப்ட் வேர்டுதான் இருந்தது. படிப்பு ஒண்ணு, பிழைப்பு ஒண்ணு. விதையைக் கையில கொடுத்துட்டு, எந்தப் பட்டத்துல விதைக்கணும்னு சொல்லாம போயிட்ட மாதிரிதான். திட்டத்தில் எனக்குத் தெரிஞ்ச பெரிய ஓட்டை அதுதான். மென்பொருள்ல ஓட்டை இல்லை.

கொஞ்ச நாள்ல ஷார்ட்கட் வைரஸ் வந்தது. ஏதோ ஒரு கடையில பிரிண்ட் எடுக்கப் போட்ட பென்டிரைவ்ல ஏறி வந்திருக்கு. பென்டிரைவ்ல இருந்த போட்டோ எல்லாம் காணோம், வெறும் ஷார்ட்கட். அதுல எங்க அப்பா படம் இருந்தது. துறைமுக வேலை நடந்துகிட்டிருந்த 2012-ல், கடலோரத் தோப்புல அவர் சவுக்கு மிலாறு கட்டுறப்ப மக எடுத்தது. அடுத்த வருஷம் அவர் தவறிட்டார். "போச்சுண்ணா, ஃபார்மட் பண்ணித்தான் ஆகணும்"னு கடையில சொன்னாங்க. நான் பண்ணலை. பென்டிரைவைச் சாமி படத்துக்குப் பின்னால சொருகி வைச்சேன்.

நாள் ஓடிச்சு. கம்பெனி நம்மை விட்டுட்டுப் போற கதை இனிமேதான். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஓட ஆதரவு முடிஞ்சது. அதாவது, புதுசா ஓட்டை கண்டுபிடிச்சா அடைச்சுத் தர மாட்டாங்க. அப்பவும் நம்ம நாட்டு ஏடிஎம்கள் பல எக்ஸ்பியிலதான் ஓடிச்சு. 2018 ஜூன்ல ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டு, ஒரு வருஷத்துக்குள்ள எல்லாத்தையும் மாத்தச் சொன்னது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 கடைசி. குரோம் பிரவுசர் 2023 தொடக்கத்தில் 7-ஐக் கைவிட்டது. எங்க லேப்டாப்ல பக்கங்கள் பாதி பாதியா வந்தது இதனாலதான். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14 முடிஞ்சது. 11 போடணும்னா டிபிஎம் 2.0 சிப்பு வேணும். நம்ம 2012 மெஷினுக்கு அந்தப் பேச்சே கிடையாது.

"ஆதரவு இல்லாட்டி என்ன, ஓடுது இல்ல?"ன்னு கேட்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். 2017-ஐப் பாருங்க. மே 12, வான்னக்ரை வந்தது. ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ். அந்த ஓட்டைக்கான அடைப்பு மார்ச் மாசமே வந்துடுச்சு, போடாதவங்கதான் மாட்டினாங்க. செத்துப்போன எக்ஸ்பிக்குக்கூட அவசரமா ஒரு அடைப்பை வெளியிட வேண்டியதாச்சு. அடுத்து ஜூன் 27-ல் நாட்பெட்யா. உக்ரைன்ல ஒரு கணக்கு மென்பொருள் வழியா கிளம்பி, உலகத்தின் பெரிய கப்பல் கம்பெனியான மெர்ஸ்க்கை முடக்கிச்சு. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவங்க முனையம் நின்னுபோச்சு. 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் புதுசா ஏத்த வேண்டியிருந்ததா அந்தக் கம்பெனித் தலைவரே சொன்னார். இதுல அப்டேட் போட்ட மெஷின்களும் சிக்கினது வேற கதை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு இதைப் புரிஞ்சுக்கக் கஷ்டம் இல்லை. கன்டெய்னர் லாரி ஒரு மணி நேரம் நின்னாலே எங்க ரோட்டுல நெல் மூட்டை வண்டி நகராது.

இப்ப என் லேப்டாப்புக்கு வர்றேன்.

கேட்டவங்க எல்லாரும், "அது 32 பிட் மெஷின், இப்ப எல்லாம் 64 பிட்தான் வருது, ஒண்ணும் ஏறாது"ன்னாங்க. பாதி உண்மை. உபுண்டு டெஸ்க்டாப் 2017-லயே 32 பிட் சிடியை நிறுத்திடுச்சு. டெபியன் 13 போன ஆகஸ்ட்ல, அதாவது 2025-ல் வந்தப்ப, அதுலயும் 32 பிட் நிறுவி இல்லை. ஆனா யோசிச்சுப் பாருங்க. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட்டா மட்டும்தான் வந்தது. அதைப் பார்த்துதான் மெஷினே 32 பிட்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க. சட்டை சின்னதுன்னா ஆளும் சின்னவனா? பென்டிரைவ்ல இருந்து லினக்ஸை ஏத்தாமலே ஓட்டிப் பார்க்கலாம். அப்படி ஓட்டி, டெர்மினல்ல 'எல்எஸ்சிபியு'ன்னு ஆங்கிலத்தில் அடிச்சேன். 32 பிட், 64 பிட் ரெண்டும்னு காட்டிச்சு. பதிமூணு வருஷமா அந்தப் பலம் உள்ளே தூங்கிக்கிட்டிருந்திருக்கு.

அதனால டெபியன் 13, 64 பிட், எக்ஸ்எஃப்சிஇ முகப்போட போட்டேன். பாஸ் எதுல இருந்து வந்ததோ அதே டெபியன். பொண்ணு போயிட்டா, அவ தாய்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டின மாதிரி. உபுண்டு, மின்ட் எல்லாம் நல்லதுதான், 2 ஜிபி ராம்ல மூச்சு வாங்குது. அப்புறம் ராமை 4 ஜிபி ஆக்கினேன், ஹார்டு டிஸ்க்கைக் கழட்டிட்டுச் சின்னதா ஒரு எஸ்எஸ்டி மாட்டினேன். உண்மையைச் சொன்னா வேகத்தில் பாதிக்கு மேல அந்த எஸ்எஸ்டி கொடுத்ததுதான், லினக்ஸ் கொடுத்தது இல்லை. லினக்ஸ்காரங்க இதைச் சொல்ல மாட்டாங்க. தமிழ் அடிக்க ஐபஸ்ஸோட எம்17என்னைச் சேர்த்துத் தமிழ்99 வைச்சுக்கிட்டேன். இதை அதுலதான் அடிக்கிறேன்.

எல்லாம் சுகம்னு சொல்ல மாட்டேன். பழைய பிரிண்டருக்கு ரெண்டு நாள் மல்லுக்கட்டினேன். டாலியில கணக்கு எழுதுறவங்க இந்தப் பக்கம் வர வேண்டாம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைச்சு டெண்டர் போடுற காண்ட்ராக்டர் மச்சானுக்கும் விண்டோஸ்தான் சரின்னு சொல்லிட்டேன். பட்டா பார்க்க, மண்டி விலை பார்க்க, வானிலை பார்க்க, எழுத, இது போதும்.

அப்புறம் அந்தப் பென்டிரைவ். சாமி படத்துக்குப் பின்னால இருந்து எடுத்துச் சொருகினேன். அந்த வைரஸ் ஃபைலை அழிக்கலை, விண்டோஸ் கண்ணுக்கு மட்டும் மறைச்சு வைச்சிருந்தது. அந்த மறைப்பை லினக்ஸ் கண்டுக்கிறதே இல்லை. ஷார்ட்கட் குப்பைக்குப் பக்கத்திலேயே ஃபோல்டர் உட்கார்ந்திருந்தது. திறந்தேன். அப்பா தோள்ல துண்டு, கையில அரிவாள், பின்னால தூரத்தில் துறைமுகத்துக்குக் கல்லு கொட்டுற லாரி.

மகளுக்கு போன்ல அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. சாயங்காலம் கூப்பிட்டு, "வால்பேப்பரா வைச்சிருக்கீங்களா அப்பா?"ன்னா. வைச்சிருக்கேன்.

தெருக்கோடி வீட்டுப் பையன் நேத்து அவங்க பென்டியம் 4 டெஸ்க்டாப்பைத் தூக்கிட்டு வந்திருக்கான், "மாமா, இதுக்கும் ஏதாவது போட்டுக் கொடுங்க"ன்னு. பார்த்துட்டேன், இது நிஜமாவே 32 பிட்தான். டெபியன் 12-ல் 32 பிட் நிறுவி இருக்கு. ராத்திரி கரண்ட் நின்னா டவுன்லோட் பாதியில போகும், அதனால விடிகாலை மோட்டார் போடப் போறப்ப போட்டு விடணும்.