யாழ் போன பின் வந்த யாழினி

பெண் குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் இன்று கேட்பது இதைத்தான்: சின்னதாக, புதுசாக, ஸ்டைலாக இருக்க வேண்டும், தமிழாகவும் இருக்க வேண்டும். பிறந்த நட்சத்திரம் கேட்டை என்றால் சோதிடர் நோ, யா, யீ, யூ என்று எழுத்துகளைத் தருவார். அங்கேதான் பலர் யாழினியைச் சந்திக்கிறார்கள்.

அந்த யா சாதாரண எழுத்தல்ல. யகர வரிசையில் ‘யா’ மட்டுமே சொல்லுக்கு முதலில் வரும் என்பது தொல்காப்பிய விதி. யு, யூ, யோ எல்லாம் பின்னால் வந்த விருந்தாளிகள். அந்த ஒற்றை யாவையும் தமிழ்ப் பேச்சு தேய்த்துவிட்டது. யாறு ஆறானது, யாடு ஆடானது, யாமை ஆமையானது, யாண்டு ஆண்டானது. யானையைக்கூட ஊர்ப்பக்கம் ஆனை என்றுதான் சொல்கிறோம். யாழ் மட்டும் ‘ஆழ்’ ஆகவில்லை. ஆழ்தல் என்ற வேறு சொல் வழிமறித்தது ஒரு காரணமாகலாம். ஆனால் யாழ் என்னும் கருவியே மக்கள் வாயிலிருந்து நீங்கி ஏட்டுக்குள் போய்விட்டதுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். புழங்கினால்தானே சொல் தேயும்? யாழினி இன்று புதுசாக ஒலிப்பது இந்தத் தேயாத யாவினால்தான்.

கருவியைப் பார்ப்போம். பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயன், குழல் ஊதிச் சலித்ததும், உள்துளையுள்ள குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் செய்துகொள்கிறான். மாடு மேய்க்கும் இடத்திலேயே பிறந்துவிடுகிறது இசை. பாணர் கையில் இதே வில் வளர்ந்தது. அடியில் பத்தர் என்னும் குடம், அதன்மேல் இழுத்துப் போர்த்த தோல், வளைந்த கோடு, நரம்பை இறுக்கும் திவவு. சீறியாழுக்கு ஏழு நரம்பு, பேரியாழுக்கு 21 என்பது மரபு. பொருநராற்றுப்படை இந்தப் பத்தரின் நடுவே தோல் மூட்டிய தையலைக் காட்டுமிடம் எனக்கு மிகவும் பிடித்தது: இளஞ்சூல் கொண்ட சிவந்த பெண்ணின் வயிற்றில் மெல்லிய மயிர் ஒழுங்காக ஓடுவதுபோல் அது இருக்கிறதாம். யாழைப் பார்த்ததும் அந்தப் புலவருக்குக் கருவுற்ற தாய் நினைவுக்கு வந்திருக்கிறாள். வள்ளுவரும் மக்கட்பேறு அதிகாரத்தில்தான் யாழை மழலையின் பக்கத்தில் வைத்தார். குழந்தைக்கு இதிலிருந்து பெயர் எடுப்பது பொருத்தமில்லாத வேலையல்ல.

சொல்லின் வேர் பற்றி இரண்டு கருத்து உண்டு. கோட்டின் முனையில் யாளி முகம் செதுக்கியதால் யாழ் என்பார்கள். ஆயன் குமிழங்கொம்பில் யாளிக்கு இடமேது? யாத்தல் என்றால் கட்டுதல். நரம்பால் யாக்கப்பட்டது யாழ் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. செய்யுளைக் கட்டும் யாப்பும், நரம்பும் எலும்பும் கட்டிய உடம்பாகிய யாக்கையும் இந்த வேரில் பிறந்தவைதாம்.

யாழ் ஏன் மறைந்தது? யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வீணையில் மெட்டுகள் வைத்து ஒரே தந்தியில் பல சுரம் எடுக்கலாம், இழுத்துக் கமகம் கொடுக்கலாம். பெரியபுராணம் இதன் சாயலை முன்பே சொல்லிவிட்டது: தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காமல்போக, திருநீலகண்ட யாழ்ப்பாணர் கருவியையே உடைக்கப் போனார். அந்தப் பதிகத்துக்கு யாழ்முரி என்ற பெயர் அதனால் வந்தது. பின்னர் யாழ் எந்த வடிவில் இருந்தது என்பதே ஆராய்ச்சிப் பொருளாகிவிட்டது. மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பல ஆண்டு உழைத்து எழுதிய யாழ் நூல் 1947இல், அவர் மறைவதற்குச் சற்று முன்புதான், வெளிவந்தது.

கருவி போனது; சொல் ஓர் ஊரில் தங்கியது. யாழ்ப்பாணத்தவர் பேச்சில் ‘யாப்பாணம்’ என்று ழகரம் உதிர்ந்தாலும் யா நிற்கிறது.

‘யாழினும் இனியவள்’ என்று யாழினிக்குப் பொருள் சொல்லிக்கொள்கிறோம். அழகான விளக்கம், ஆனால் பெயர் அப்படி அமையவில்லை. பாடுபவள் பாடினி, அதே அச்சில் யாழுக்கு உரியவள் யாழினி. காக்கைபாடினியார் என்று சங்கப் புலவர் பெயரிலேயே இருக்கும் ஈறு இது. பத்மினி, மாலினி என்று வடமொழிப் பெயர்களில் பழகிய காதுக்கும் ஒத்துப்போவதால் பெயர் சட்டென்று பிடித்தது. தனித்தமிழ் ஆர்வத்தில் பிறந்த யாழ்மொழி, யாழ்நங்கை போன்ற கூட்டுப்பெயர்களைவிட இது நாவுக்கு எளிது.

இன்னும் அரிதாக வேண்டும் என்பவர்கள் பாடினி என்றே வைக்கலாம். இன்னொன்று, திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மனைவி பெயர் மதங்கசூளாமணி. கம்பீரமான பெயர், சூளாமணி என்று சுருக்கி அழைத்தாலும் குறைவில்லை. யாழினியையே எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வீட்டிலேயே ‘யாளினி’ என்று கூப்பிட்டுப் பழக்காதீர்கள். பள்ளிக்குப் போகுமுன் ழகரம் அவள் நாவில் உட்கார்ந்திருக்கட்டும்.