கோடு நின்னுச்சு, சுருதி எறங்குச்சு

எங்க வீட்ல ஒரு பழைய பெல்ட் டிரைவ் ரெக்கார்டு பிளேயர் இருக்கு. தொண்ணூறாம் வருஷ வாக்குல அப்பா பெங்களூர்ல செகண்ட் ஹேண்டா வாங்கி, அத்திபள்ளி வழியா பஸ்ல மடியிலயே வெச்சு ஓசூருக்குக் கொண்டு வந்தது. ஜூஜூவாடி செக்போஸ்ட்ல "என்ன சார் இது, இட்லி குண்டானா?"ன்னு கேட்டாங்களாம். அந்தக் கதையை எங்க வீட்ல நூறு தடவை கேட்டாச்சு.

பத்து வருஷமா பரண்ல கிடந்ததை இந்த வருஷம் இறக்கினேன். பெல்ட் வெந்த சேமியா மாதிரி தொளதொளன்னு போயிருந்தது. புது பெல்ட் போட்டேன். மோட்டார் புல்லியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். நடு அச்சில் இரண்டு சொட்டு எண்ணெய். ரசமட்டம் வைத்து சமன் பார்த்தேன். முள்ளின் எடையையும் சரி செய்து, அப்பாவுக்குப் பிடித்த எம்.எஸ். அம்மா எல்.பி.யைப் போட்டேன்.

அப்பா கூடவே பாட ஆரம்பித்தவர், ரெண்டாவது வரியில் நிறுத்தி விட்டார்.

"டேய், சுருதி ஏறிக் கெடக்குது. நீ போட்ட பெல்ட்டு சரியில்ல."

வேறு பெல்ட் மாற்றினேன். அதே பேச்சு. மூன்றாவதும் வாங்கினேன். அதே. கடைசியில் செல்போனைத் தட்டின் மேல் வைத்து வேகம் அளந்தேன். நிமிஷத்துக்கு 33.3 சுற்று. கச்சிதம். காட்டினால், "அந்தக் காலத்துல நான் கோடு பாத்து வெச்சவன்டா, எனக்கே போன் காட்டறியா?" என்றார். அப்போது அவருக்கு எழுபத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. வயதானால் சிலருக்குக் காது சுருதியைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்கும் என்று படித்திருக்கிறேன். அதுதான் போல என்று விட்டுவிட்டேன். ஆனால் அவர் அன்றைக்கு அப்புறம் ரெக்கார்டு கூடப் பாடவில்லை. அது மனதை என்னவோ செய்தது.

சரி, அந்தக் "கோடு" என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரோப் டிஸ்க் என்று ஒரு அட்டை வட்டம். ஓரத்தில் 180 கறுப்புக் கோடுகள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் குண்டு பல்பும், பழைய சோக் வைத்த ட்யூப்லைட்டும் வினாடிக்கு 100 தடவை மினுக்கும், அதாவது நிமிஷத்துக்கு 6000. தட்டு 33⅓ சுற்றில் ஓடினால், ஒவ்வொரு மினுக்குக்கும் சரியாக ஒரு கோடு நகரும். ஒன்று போன இடத்தில் அடுத்தது வந்து நிற்பதால், கோடெல்லாம் அசையாமல் நிற்பது போலத் தெரியும். வேகம் கூடினால் கோடு முன்னே ஊரும், குறைந்தால் பின்னே ஊரும். எளிமையான, அழகான கருவி. அப்பா சொன்னது: "எப்பப் பாத்தாலும் கோடு நின்னுச்சு."

அப்படியானால் யார் சொல்வது தப்பு? ரெண்டு பேருமே சரி என்று புரிய எனக்கு மூன்று மாதமானது. அதற்குக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும்.

1948-ல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி 33⅓ எல்.பி.யைக் கொண்டு வந்தது. அப்போதைய பிளேயர்களில் பெரும்பாலும் ஒரு ரப்பர் சக்கரம்தான் மோட்டாரையும் தட்டையும் இணைக்கும். மோட்டாரின் அதிர்வு அந்தச் சக்கரம் வழியாகவே முள்ளுக்கு ஏறி, பாட்டுக்கு அடியில் "உர்ர்"ரென்று கேட்கும். ரப்பர் பெல்ட் போட்டால் அதிர்வை அதுவே விழுங்கிவிடும். 1961-ல் எட்கர் வில்ச்சர் வடிவமைத்த ஏ.ஆர். டர்ன்டேபிள் இதைச் சகாய விலையில் செய்து காட்டியது. பிறகு தோரன்ஸ், லின் என்று பலரும் அந்த வழிக்கு வந்தார்கள்.

இந்த வகையில் பலவற்றில் இருப்பது சிங்க்ரனஸ் மோட்டார். வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அது கண்டுகொள்ளாது, ஹெர்ட்ஸை மட்டும்தான் பார்க்கும். பதினாறு துருவ மோட்டார் என்றால் 50 ஹெர்ட்ஸில் நிமிஷத்துக்கு 375 சுற்று, அவ்வளவுதான். 60 ஹெர்ட்ஸ் ஊரான அமெரிக்காவிலிருந்து புல்லி மாற்றாமல் கொண்டு வந்து இங்கே போட்டால், 33-க்குப் பதில் 28-க்கும் குறைவாக ஓடும். எம்.எஸ். அம்மா ஆண் குரலில் பாடுவார் :-)

ஆக, கரண்டின் ஹெர்ட்ஸ்தான் பாட்டின் சுருதி. அந்த ஹெர்ட்ஸ் எப்போதும் 50-ஆக இருந்ததா? அதுதான் விஷயம்.

கிரிட் என்பது மேட்டில் வண்டி இழுக்கும் மாடுகள் மாதிரி. பாரம் கூடினால் எல்லா மாடும் சேர்ந்தே நடை குறையும். மின் உற்பத்தியைவிடத் தேவை கூடும்போது, இணைந்திருக்கிற ஜெனரேட்டர் அத்தனையும் ஒன்றாகவே வேகம் குறையும். ஹெர்ட்ஸ் இறங்கும். தொண்ணூறுகளில் தென்னிந்திய கிரிட் தேவை மிகுந்த நேரங்களில் 48.5-க்கும் கீழே இறங்கியதெல்லாம் சகஜம். வீட்டு விளக்கு, பம்ப்செட், தொழிற்சாலை எல்லாம் சேரும் சாயங்கால நேரம் கேட்கவே வேண்டாம். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மேலே ஏறும்.

இதில் எல்லைக்காரர்களான நமக்கு ஒரு வேடிக்கை உண்டு. ஓசூரில் கரண்ட் போனால் அத்திபள்ளியில் விளக்கு எரியும், அங்கே போனால் இங்கே எரியும். ஆனால் ஹெர்ட்ஸுக்கு செக்போஸ்ட் கிடையாது. ரெண்டு பக்கமும் ஒரே கிரிட், ஒரே நடை. ஒரு காலத்தில் அப்படி இல்லை. 1902-ல் சிவசமுத்திரத்தில் மைசூர் சமஸ்தானம் கரண்ட் தயாரித்து, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, நமக்குப் பக்கத்திலிருக்கிற கோலார் தங்கவயலுக்குக் கொடுத்தது. அது 25 ஹெர்ட்ஸ் கரண்ட். இன்றைய 50 ஹெர்ட்ஸ் மோட்டாரை அதில் போட்டால் பாதி வேகம்தான் கிடைக்கும். அந்த வித்தியாசமெல்லாம் போய், தென் மாநிலங்கள் ஒன்றோடொன்று இணைந்து, ஒரே கிரிட்டாயின.

இப்போது கணக்குப் போடுங்கள். 48.5 என்பது 50-ல் 97 சதம். தட்டு 33⅓-க்குப் பதில் 32.3 சுற்று. இருபது நிமிஷப் பக்கம் முடிய முப்பத்தேழு வினாடி கூட ஆகும். சுருதி ஏறக்குறைய கால் கட்டை இறங்கும். சும்மா கேட்பவருக்குத் தெரியாது. கூடப் பாடுகிறவர் தொண்டைக்குத் தெரியும்.

அப்படியானால் கோடு ஏன் நின்றது? விளக்கும் அதே கரண்ட்தானே! 50-ல் 100 தடவை மினுக்கினது, 48.5-ல் 97 தடவைதான் மினுக்கும். தட்டும் அதே விகிதத்தில் மெதுவாகிறது. பொய்யும் பொய்யும் கைகோத்துக் கொண்டன, கோடு அசையாமல் நின்றது. அளக்கிற கோலும் அளக்கப்படுகிற துணியும் சேர்ந்தே சுருங்கினால் என்ன செய்வது?

இதுவரை எல்லாம் ஏட்டுச் சுரைக்காய். நிரூபணம் வீட்டிலேயே இருந்தது. அப்பாவின் பழைய எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டி. அதில் சுருதியை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கிற திருகு பக்கத்தில் பேனாவால் ரெண்டு கோடு போட்டிருந்தார். ஒன்றின் மேல் "சா", இன்னொன்றின் மேல் "ரா". ஏதோ ஸ்வரம் என்று நினைத்திருந்தேன். கேட்டேன்.

"சாயங்காலம், ராத்திரி. மெஷின் ஓட ஓட சூடாகி ராத்திரில சுருதி ஏறிடும்டா. ரெக்கார்டோட சேத்து வெக்கிறதுக்கு அடையாளம்."

மெஷின் சூடாகவில்லை. கிரிட் லேசாகியிருக்கிறது. பெட்டிக்கு பேட்டரி போட்டு, ரெண்டு அடையாளத்தையும் செல்போன் ட்யூனரில் அளந்தேன். இடைவெளி கால் கட்டைக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. இப்போது ஓடுகிற ரெக்கார்டு "ரா"வுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அப்பா வேலை விட்டு வந்து தினமும் பாடிப் பழகியதோ "சா"வில். காதும் பழுதில்லை, பெல்ட்டும் பழுதில்லை.

கிரிட்டை நிமிர்த்தியது ஒரு விலைப்பட்டியல். பானு பூஷண் என்ற பொறியாளர் முன்நின்று வகுத்த ஏ.பி.டி. கட்டண முறை, 2003 ஜனவரி 1 முதல் தென் மண்டலத்தில் அமலுக்கு வந்தது. ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால், அந்த நேரத்து ஹெர்ட்ஸைப் பொறுத்து விலை. 50.5-ல் சும்மா கிடைக்கும், 49-க்கு இறங்கினால் உச்ச விலை. காசு என்றதும் எல்லோரும் கணக்காக நடக்க, ஹெர்ட்ஸ் மேலே வந்தது. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் வழியாக நம் கிரிட் வடக்கோடு இணைந்தது. இன்றைய விதிப்படி இருக்க வேண்டிய எல்லை 49.90 முதல் 50.05 வரை. பாட்டில் அது தெரியவே தெரியாது.

உங்கள் வீட்டில் பழைய பெல்ட் பிளேயர் இருந்தால் ஸ்ட்ரோப் டிஸ்க்கை மட்டும் நம்பாதீர்கள். தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, நூறு சுற்று எண்ணுங்கள். சரியாக மூன்று நிமிஷம் ஆக வேண்டும். 48.5-ல் ஐந்தரை வினாடி கூட ஆகியிருக்கும். கையில் ஒரு குவார்ட்ஸ் வாட்ச் போதும், அதன் கல் கரண்டைக் கேட்டுத் துடிப்பதில்லை. 1984-ல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், நம்ம ஓசூரில்தான் அந்த வாட்சைச் செய்தது. அப்பா கையிலும் அப்போது ஒன்று இருந்தது. அவருக்கு எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. கோடுதான் நின்றுவிட்டதே!

இதையெல்லாம் சொன்னதும் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்போ அன்னிக்கு இந்த ஊர்ல மெட்ராஸ்ல எல்லாம் ரெக்கார்டு போட்டவங்க எல்லாருக்கும் எறங்கித்தான் இருந்துச்சா?" என்றார்.

"இந்த மாதிரி மோட்டார் இருந்த எல்லாருக்கும்பா. பெங்களூர், ஹைதராபாத், கொச்சி, எல்லா ஊர்லயும் ஒரே நேரத்துல, ஒரே அளவு."

"அப்ப அது அபஸ்வரம் இல்லடா. எல்லாரும் சேந்து எறங்குனா அதான் சுருதி."

இப்போது ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். மோட்டாருக்கு மட்டும் தனியாக, ஹெர்ட்ஸை நாமே வைத்துக்கொள்ளும் சின்ன பவர் சப்ளை. நான் கேட்கும்போது 50. சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பா வந்து உட்கார்ந்தால் 48.5.

பாடுகிறார்.