நோக்குநிலை (கதைகூறல்)

நோக்குநிலை என்பது ஒரு கதை யாருடைய கண்ணால் காணப்படுகிறது, யாருடைய வாயால் சொல்லப்படுகிறது என்பதைக் குறிக்கும். நிகழ்ச்சிகள், அவற்றைக் காரணகாரியமாகக் கோக்கும் கதைப்பின்னல், பாத்திரம், களம், காலம் ஆகியவை கதையின் பிற உறுப்புகள். இவற்றில் எது, எப்போது, எவ்வளவு வாசகருக்குத் தெரியவரும் என்பது நோக்குநிலையைப் பொறுத்தது. பார்ப்பவரும் பேசுபவரும் ஒருவராகவே இருக்க வேண்டியதில்லை என்பதைப் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ழெரார் ஜெனெட் 1972-இல் பிரித்துக் காட்டினார்.

தமிழில் இந்தச் சிந்தனை மிகப் பழையது. தொல்காப்பியச் செய்யுளியல் அடுக்கும் 34 உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவையும் அடங்கும். சொல்பவரோடு கேட்பவரையும் ஓர் உறுப்பாக எண்ணியது நுட்பமான பார்வை. அகப்பாட்டில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவி, தோழி, செவிலி, தலைவன், கண்டோர் என யாரேனும் ஒருவரே பேசுவார். காதலர் ஊரைவிட்டு நீங்கும் உடன்போக்கு, செவிலி சொல்லும்போது மகளை இழந்தவளின் புலம்பலாகிறது. வழியில் கண்டோர் சொல்லும்போது அந்த இளையோர் மீதான இரக்கமாகிறது. தலைவன் வேலிப்புறத்தே நிற்க, தோழியிடம் பேசுவதுபோல் தலைவி அவனுக்கே உணர்த்தும் பாட்டுகளும் பல. அங்கே கேட்போர் யார் என்று தெரியாவிட்டால் பாட்டின் பொருளே பாதிதான் கிடைக்கும்.

உரைநடைக் கதைகளில் தன்மை, படர்க்கை என்னும் இரண்டுமே பெருவழக்கு. வாசகரையோ பாத்திரத்தையோ ‘நீ’ என்று விளித்துச் சொல்லும் முன்னிலைக் கதைகள் அரிது. 1879-இல் அச்சான மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ நாயகனே தன் வரலாற்றைச் சொல்லும் தன்மைக் கதை.

தன்மையில் சொல்பவர் தாம் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சொல்ல முடியும். இந்த எல்லையே கதைக்கு வலிமையாகலாம் என்பதற்கு வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ (1915) நல்ல சான்று. தாகூரின் வங்கக் கதையொன்றில் படித்துறை பேசுவதைப்போல இதில் மரம் பேசுகிறது. கணவன் நாகராஜன் மறுமணத்துக்கு இசைந்ததுபோல் நடிக்கத்தான் செய்கிறான் என்பது மரத்துக்குத் தெரியும், அவன் மனைவி ருக்மிணிக்குத் தெரியாது. மரத்தால் அவளிடம் சொல்லவும் முடியாது. அவள் குளத்தில் உயிர்விடும்போது வாசகரை வதைப்பது இந்த இயலாமைதான். இதையே எல்லாம் அறிந்த ஆசிரியர் ஒருவர் படர்க்கையில் சொல்லியிருந்தால் இத்தனை வலித்திருக்காது.

படர்க்கையில் இரு வகை உண்டு. பி.ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் கதைசொல்லி யார் மனத்துக்குள்ளும் நுழைவார். புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ பெரிதும் பிரமநாயகம் பிள்ளையை ஒட்டியே செல்கிறது. மனைவியின் இறப்பைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுக் கதை பின்னோக்கி நகர்வதால், அதன்பின் அவர் செய்யும் ஒவ்வொரு பணிவிடையையும் முடிவு தெரிந்தே நாம் பார்க்கிறோம்.

தமிழில் படர்க்கை முழு நடுநிலையாக இருக்க இயலாது. ‘வந்தான்’ என்பதா, ‘வந்தார்’ என்பதா என்று ஒவ்வொரு வினைமுற்றிலும் கதைசொல்லி முடிவு செய்தாக வேண்டும். அவர் யாரை மதிக்கிறார், யாருக்கு நெருக்கமாக நிற்கிறார் என்பது அதிலேயே வெளிப்பட்டுவிடும். திறனாய்வுகள் இதற்குத் தரும் கவனம் போதாது.

நோக்குநிலை மாறினால் கதையே மாறும் என்பதை ஜெயகாந்தனைப்போல் துணிந்து சோதித்தவர் அரிது. ‘அக்கினிப் பிரவேசம்’ (1966) படர்க்கையில் அமைந்த சிறுகதை. மழைநாளில் காரில் ஏறிக் கெடுக்கப்பட்ட மாணவியின் தலையில் தாய் நீரூற்றி, அவள் தூயவள் என்று ஏற்கிறாள். அக்கதை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. பின்னர் அவர் எழுதிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில், அதே நிலைக்கு ஆளான கங்கா தன் குரலில் பேசுகிறாள். இங்கே தாய் கூக்குரலிட்டு ஊரறியச் செய்துவிட்டாள். நாவலுக்குள் ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளரும் வருகிறார். தன் வாழ்க்கையை ஒத்த ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற அவருடைய கதையைக் கங்கா ஒரு வாசகியாகப் படிக்கிறாள்.